ரவை

ஞாயிற்றுக்கிழமை லாலாப்பேட்டைக் கல்குவாரியில்
ஆள் கிடையாது.
ஜல்லிக் கிரஷர் வாயை மூடிக்கொண்டு நிற்கும்.
அதனால்தான் அங்கே போனோம்:
முதலாளி, அவர் மைத்துனர் கோதண்டம்,
கணக்கெழுத நான்.

எங்கள் ஷூவை வாங்கும் இத்தாலிக்காரர்கள் தந்த பரிசு.
பழங்காலக் கைத்துப்பாக்கியின் புத்தம்புது நகல்,
ஆறு அறை, பித்தளைக் காப்பு.
லைசென்சுக்குக் கலெக்டர் ஆபீஸ் படியைப்
பதினோரு தடவை ஏறியவன் நான்.

கேள்வி ஒன்றுதான்.
எவ்வளவு கருமருந்து போட்டால் நேராகப் போகும்?
கோதண்டம் முப்பது கிரெயின் கட்சி.
முதலாளி இருபது.
எனக்குக் கட்சியில்லை, நோட்டு இருந்தது,
ஐந்து பத்தி கோடு போட்டு.

மருந்தை நகைக்கடைத் தராசில் நிறுத்தோம்.
ஒரு குண்டுமணி ஏறக்குறைய இரண்டு கிரெயின்.
காற்றடித்தால் தட்டு ஆடும் என்று
மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

மருந்து குறைந்தால் அறையில் இடம் மிஞ்சும்,
அதை நிரப்ப ரவை.
உப்புமா ரவைதான். முத்துக்கடையில் கால் கிலோ.
"வறுத்ததா, வறுக்காததா?" என்றார் கடைக்காரர்.
துப்பாக்கிக்கு ரவை என்றால்
எந்த ரவை என்று குழம்பிப் போவார்.
சொல்லவில்லை.

நெம்புகோலை அழுத்த, ஈயக்குண்டு
அறைக்குள் இறுகி இறங்கும்.
விளிம்பில் சீவுப்பட்ட ஈயம்
மெல்லிய மோதிரமாய் உதிரும்.
மேலே தேன்மெழுகும் கொழுப்பும் பூசவேண்டும்,
ஓர் அறையின் நெருப்பு
அடுத்த அறைக்குத் தாவாமலிருக்க.
கடைசியில் கேப்பு,
தீபாவளிப் பொட்டுக் கேப்புக்குச்
செப்புத் தொப்பி போட்ட அண்ணன்.

இலக்கு, கழித்துப்போட்ட எருமைத்தோல்,
பன்னிரண்டு மடிப்பு, இருபத்தைந்து அடியில்.

பதினைந்து, ரவையோடு: நாலாம் தோலில் நின்றது.
ஐந்தும் ஓர் உள்ளங்கைக்குள்.
இருபது, ரவையோடு: ஏழாம் தோல்.
ஐந்தையும் டீ கிளாசைக் கவிழ்த்து மூடலாம்.
இருபத்தைந்து: ஒன்பது. சாப்பாட்டுத் தட்டு வேண்டும்.
முப்பது: பதினொன்றாம் தோலில் மூன்று.
மற்ற இரண்டைக் காணோம்.
"மலை பேருல எழுது," என்றார் முதலாளி.
குறிப்புப் பத்தியில்
'சத்தம் அதிகம்' என்று எழுதினேன்.

கோதண்டம் ஒப்பவில்லை. கை நடுங்கியதாம்,
மறுபடி சுடவேண்டுமாம்.
காற்றே இல்லாத பத்துமணி வெயிலில்
வெள்ளைப் புகை குழியைவிட்டு ஏறாமல்
உலராத வேட்டி போல் தொங்கியது.

பிறகு கழுவும் வேலை.
உருளையைக் கழற்றி வெந்நீரில் முக்கியதும்
அழுகிய முட்டை.
முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.
"நம்ம தொட்டி மாதிரியே இருக்குதுய்யா."

கோதண்டம் சிரிக்கவில்லை.
அன்று கயிறு எடுத்து ஓடிவந்தவர் அவர்.

போன ஆனியில்
மூன்றாம் தொட்டி அடைப்பெடுக்க
முனிரத்தினம் இறங்கினான்.
கூப்பிட்டும் குரல் வரவில்லை என்று
ஏசுபாதம் இறங்கினான்.
சத்தமில்லை.
புகையுமில்லை.
அதையும் நான்தான் எழுதினேன்:
பெயர், வயது, வேலை, தொகை, குறிப்பு.
குறிப்பில் எழுத ஒன்றும் தோன்றாமல்
சின்னதாய் ஒரு கோடு.

"இருபதே இருக்கட்டும்," என்றார் கோதண்டம்,
யாரும் கேட்காமலே.
முதலாளி தேதி போட்டுக் கையெழுத்திட்டார்.

மிச்ச ரவை என் பையோடு வீட்டுக்கு வந்தது.
திங்கள் காலை உப்புமாவில்
பல்லில் ஏதோ கடிபட்டது.
கல் என்று நினைத்து எடுத்தேன்.
வளைந்து நெளிந்த ஈயச் சீவல்,
ஒரு குழந்தை விரலுக்கும் சேராத மோதிரம்.

கழுவித் தட்டோரம் வைத்தேன்.
ஆபீசுக்கு நேரமாகிவிட்டது.
இதை எந்த நோட்டில்,
எந்தப் பத்தியில்.